பஞ்சு மூடிய பாட்டில்

அன்று நான் ஏன் வாய் திறக்கவில்லை? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் கல்லூரித் தாவரவியல் ஆசிரியர் ஒருவர் குடியிருந்தார். ஒல்லியான மனிதர். கண்ணாடியின் ஒடிந்த காம்புக்குப் பதில் நூல் கட்டியிருப்பார். மருக்கொழுந்தின் நுனியைக் கடுகளவு நறுக்கிப் பாட்டிலுக்குள் வளர்த்துவந்தார். பாட்டிலைத் தொடுமுன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார்.

“மண்ணு இல்லாம எப்படி சார் முளைக்கும்?” என்றேன் ஒருநாள்.

“நீங்க நோன்புக்குக் காய்ச்சி உறைய வைக்குத கடல்பாசிதாம்மா மண்ணு. இளநியும் சீனியும் வேற சேக்கேன். மாமியா வீட்டுல எனக்கே இந்தக் கவனிப்பு கெடையாது.”

வைத்ததில் ஒரு பாட்டில்தான் தளிர்த்தது. ஊருக்குப் போகும்போது அதை என்னிடம் கொடுத்து, பஞ்சு மூடியை மட்டும் எடுக்க வேண்டாம் என்றார். சாரல் நாளில் பாட்டிலின் உட்புறம் வியர்த்துவிட்டது. சளி பிடித்த கைக்குழந்தையை வைத்திருந்தவள் நான். தளிருக்கு மூச்சு முட்டுமோ என்று பயந்து, ஒரு நிமிடம் பஞ்சை எடுத்தேன். மெல்லிய மணம் வந்தது.

அவர் திரும்பியபோது உள்ளே வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என் கையிலதாம்மா அழுக்கு இருந்திருக்கு. பிள்ளைக்குச் சளி தேவலையா?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதன்பின் அவர் கையை இரண்டு முறை கழுவத் தொடங்கினார். மாற்றலாகிப் போகும்வரை அந்த விரல்கள் வெடித்தே இருந்தன.

“ஏட்டி, ஒரு செடிக்கா இம்புட்டு வெசனம்? விடு” என்கிறார் கணவர். ஆசிரியரின் முகவரி என்னிடம் இருக்கிறது. இத்தனை நாள் கழித்து உண்மையை எழுதினால் அது அவருக்கு ஆறுதலா, புது வருத்தமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.