வலக்காலும் ஒரு படியும்

சீமெந்துத் தரையில் ஒரு கால் இழுபடும் ஓசை, அதன் பின்னால் மறு கால் "தொப்" என்று ஊன்றும் ஓசை: எனக்குப் பத்து வயதாயிருந்த அந்த வருடம், கல்முனைக் கடற்கரைப் பக்கத்து எங்கள் வீட்டில் நாள் முழுவதும் கேட்டது இதுதான். வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் "வழங்காமல்" போயிருந்தது. அவர் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு, அந்த ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்வரை எங்களுக்கு நிம்மதி; அது நின்றால் உம்மாவின் கையில் அகப்பையும் நின்றுவிடும்.

பெரும்பாலும் அது நின்றது ஒரே இடத்தில். குளித்த தண்ணீர் உள்ளே வராமலிருக்க, குளியலறையை வீட்டுத் தரையைவிட ஒரு படி தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். நடை பழக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மிஸ் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஏறக்குள்ள நல்ல கால முதல்ல வைங்க ஐயா. மற்றக் கால் பாரம் தாங்காது." வாப்பா தலையை ஆட்டுவார், மிஸ் போனதும் தன் வழிக்கே போவார். இடக்காலை வைத்து உள்ளே போய், வலக்காலை வைத்து வெளியே வருவதுதான் சிறுவயதிலிருந்து எங்களுக்குப் பழக்கிய மார்க்க ஒழுங்கு. அதனால் வழங்காத அந்த வலக்காலைத்தான் படியில் தூக்கி வைப்பார். உடம்பு முழுவதும் அதன்மேல் ஆடும். அந்த வாசலைப் பார்க்கவே எனக்குப் பயம்.

உம்மா கெஞ்சினார். உம்மாவின் தம்பியான மாமா, பள்ளிவாசல் மௌலவியையே கூட்டிவந்தார். "நோயாளிக்கு இதுல குத்தமில்ல காக்கா, அல்லாஹ் அறிவான்" என்று அவரும் அண்ணனிடம் சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்தார். வாப்பா குழறும் நாக்கோடு சொன்னார்: "சோத்துக் கையத்தான் விட்டுக் குடுத்திட்டன். காலையும் விடச் சொல்றீங்களா?" தினமும் அவருக்கு ஊட்டிவிடும் உம்மா, அன்றும் சோற்றைப் பிசைந்துகொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தக் கால் என்பதைப் பற்றியே எங்கள் வீடு மாதக்கணக்கில் கதைத்தது. படியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, நோய்க்குப் பிறகு முதன்முறையாக ஜும்ஆத் தொழுகைக்குப் போகவென்று வாப்பா குளித்தார். தெருவில் மாமா ஆட்டோவோடு நின்றார். நான் வாப்பாவின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக்கு வெளியே நின்றேன். உள்ளே ஓசை வந்தது, நின்றது. ஈரமான வலக்கால் படியில் ஏறியது, முழங்கால் மடிந்தது. இடுப்பெலும்பு முறிந்தவர் பிறகு எழும்பவேயில்லை. மாரி மழை தொடங்குமுன் மௌத்தாகிவிட்டார்.

இன்று அங்கே எல்லாம் ஒரே மட்டம், மாபிள் பதித்த தரை. எனக்கு மூத்தவளான ராத்தாவின் பிள்ளைகள் குளியலறைக்குள் ஓடிப் போய் ஓடி வருகிறார்கள். ஒரு படி இருந்தது என்றால் சிரிக்கிறார்கள். அதை நிரவியது வாப்பாவின் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு முதல்நாள். ஓத வருகிற வயதானவர்கள் யாரும் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று மாமாதான் மேசனைக் கூட்டிவந்தார். மத்தியானம் ளுஹருக்குப் பாங்கு சொல்லுமுன்பே வேலை முடிந்துவிட்டது.