ஐந்தாம் வகுப்புக்கு எடுக்காத சொற்பாடம்

பொதுமக்கள் தரும் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும்; முடியாவிட்டால் காரணமாவது எழுத வேண்டும். அரசின் விதி இது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதை வலியுறுத்தும் சுற்றறிக்கைகளை வாங்கி வாங்கிக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஐப்பசியில் நான் கொடுத்த மனுவுக்கும் அது பொருந்தும் என்று நம்பினேன். அனுபவம் இல்லாதவன் என்று என்னைச் சொல்ல முடியாது.

நாகல் நகரில் என் வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டி ஒரு தொடக்கப் பள்ளி. மனைவி இருந்தவரை அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததில்லை. அவள் போன பிறகு, ஐந்தாம் வகுப்பு 'சொல்லும் பொருளும்' ஒப்பிப்பது சமையலறை வரை வந்தது. "இன்னல், இடுக்கண். இன்னல், இடுக்கண்." தெரியாத சொல்லுக்குத் தெரியாத இன்னொரு சொல்லைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள்.

புதுச் சொல்லை அப்படிக் கற்பிக்கக் கூடாது. துவர்ப்பு என்று எழுதிப் போடுமுன் மாதுளம்பிஞ்சைக் கடிக்கக் கொடுக்க வேண்டும். முகம் சுளித்த பிறகு சொல்லைத் தர வேண்டும். இன்னலைப் பையில் போட்டுக் கொண்டுபோக முடியாது. அதற்கு ஒரு கதை. எரியோட்டில் கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு, காய்ச்சலில் கிடக்கும் தங்கையோடு மழையில் நிற்கிறாய். அப்புறம் பிள்ளைகள் அவரவர் இன்னலைச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் அதே சொல் வேறு வாக்கியத்தில் வர வேண்டும். வாயில் புழங்காத சொல் தங்காது.

என் வாயில் அப்போது புழங்கியவை பால்காரரிடம் "ஒரு பாக்கெட் போதும்", ஞாயிற்றுக்கிழமை மகளிடம் ஃபோனில் "நல்லா இருக்கேன்".

அதனால்தான் அந்த மனு. வாரம் ஒரு மணி நேரம், ஊதியமின்றி, சொற்கள் கற்பிக்க அனுமதி வேண்டும் என்று கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன்.

கார்த்திகையில் ஒருநாள் தலைமையாசிரியை என்னைப் பள்ளி வாசலில் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஆர்டர் வரலையா சார்? நீங்க பாட்டுக்கு உள்ள வாங்க. யாரு கேக்கப் போறா?"

"வெளியாள் வகுப்பெடுக்க எழுத்துல அனுமதி வேணும் டீச்சர். விசாரணைன்னு வந்தா உங்க பேருதான் அடிபடும்."

"விசாரணைக்கு வர்றவுகளும் உங்ககிட்ட படிச்சவுகளாத்தான் இருப்பாக." சிரித்தார். "பேப்பருக்கா சார் பாடம் எடுக்கப் போறீங்க? செத்த நேரம் ஒக்காந்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அஞ்சாப்பு டீச்சர் வேற டிரெயினிங் போயிருக்காக."

என் பையில் மாதுளம்பிஞ்சு இருந்தது. வாசலிலிருந்து வகுப்பும் தெரிந்தது.

"ஆர்டர் வரட்டும், வாரேன்" என்று திரும்பிவிட்டேன். பிஞ்சை வீட்டில் நானே கடித்துப் பார்த்தேன். நல்ல துவர்ப்பு. சொல்வதற்குத்தான் ஆளில்லை.

மார்கழியில் அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் மரியாதையாக எழுந்து நின்றார். "சாருக்குத் தெரியாததா? ஃபைல் மேல போயிருக்கு." மாசியில் போனபோதும் எழுந்து நின்றார். "கீழ வந்திருச்சு சார். திருப்பி மேல அனுப்பணும்." நினைவூட்டல் எழுதினேன். பிறகு அந்த நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். என் வரைவில் யாரும் குறை காண முடியாது.

பங்குனியில் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"பரீட்சை முடிஞ்சா இந்தப் புள்ளைக ஆறாப்புக்கு வேற ஸ்கூலு போயிரும் சார். எனக்கும் டிரான்ஸ்ஃபர் வந்திருச்சு. ஒரு நாளாவது வந்துட்டுப் போங்க."

"இந்த வாரம் அனுமதி வந்துரும் டீச்சர்."

அவர் "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளி மணி அடிப்பதையும் சாயங்காலம் பிள்ளைகள் கலைவதையும் கேட்டபடி கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

'நடப்புக் கல்வியாண்டு முடியும்வரை' வகுப்பெடுக்க அனுமதி அளித்துப் பதில் வந்தது, பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டு, கத்திரி வெயில் தொடங்கிய நாளில்.