கதாநாயகியின் நடை

அந்தப் பெரிய இயக்குநரின் படங்களில் கதாநாயகிகள் நடக்கும் அழகை எல்லோரும் மெச்சுவார்கள். நடந்ததென்னவோ தொப்பையும் மூச்சிரைப்புமாக இருக்கும் சத்தக்காரர்தான். படத்துக்குக் காலடி ஓசை சேர்ப்பது அவர் பிழைப்பு.

விருது வாங்கிய கடைசிப் படத்தில், நாயகி வேலை முடிந்து மாடிப்படி ஏறி வருவாள். அதற்கு அவர் புதுச் செருப்பு தேடவில்லை. இறந்துபோன மனைவியின் தேய்ந்த செருப்பைக் கைகளில் மாட்டிக்கொண்டு, அவளைப் போலவே இடதை லேசாக இழுத்து இழுத்துப் பலகையில் நடந்தார்.

தியேட்டரில் அந்தக் காட்சி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மகள் முழங்கையால் இடித்தாள்.

“என்னப்பா, தூக்கமா?”

“நீயும் கண்ண மூடு. உங்கம்மா வர்றா.”

மூடினாள். செருப்பொலி படியேறி வாசல்வரை வந்தது. கதவு திறக்குமுன் காட்சியை வெட்டியிருந்தார் இயக்குநர்.