அரிசி களைந்த தண்ணீர்

மயிலாப்பூரில் எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் ஞாயிறு காலைகளில் ஒரு பொருளாதாரப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் தெரியாதவர்களுக்கென்றே எழுதிய மெல்லிய புத்தகம். நான் கல்லூரிப் பக்கம் போகாதவன். இப்படிப்பட்ட ஆரம்பப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டுதான் உலகத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டேன். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஓர் அத்தியாயத்தைச் சத்தமாக வாசிப்பேன். பிறகு அவரவர் அதை வீட்டு விஷயமாக மாற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லும்போதுதான் எனக்கே பாதி விளங்கும்.

அந்தக் கோடையில் கிணறு வற்றிவிட்டது, ஆழ்துளைப் போரும் காற்றைத்தான் இழுத்தது. லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்தோம்; செலவை எல்லா வீடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டோம். அப்போதுதான் வாய்ப்புச் செலவு என்ற அத்தியாயம் வந்தது. ஒன்றை எடுத்துக்கொள்ள எதை விட்டோமோ, அதுதான் அதன் உண்மையான விலை என்றது புத்தகம். எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சட்டென்று சொன்னார்:

"கீழ்வீட்டு அக்கா அரிசி களையற தண்ணி, என்னோட குளியல்."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். தரைத்தளத்தில் சமைத்து, தேனாம்பேட்டை ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவர் அவர். கணவர் இல்லை, அந்த அடுப்பில்தான் குடும்பம் ஓடியது. "பிரமாதம் சார், புத்தகத்தைவிட நல்லா சொல்லிட்டீங்க" என்று நான் கைதட்டினேன்.

அந்த வாக்கியம் மாடியிலிருந்து இறங்கிப் படிக்கட்டெல்லாம் சுற்றியது. லாரி வருவது தாமதமாக ஆக ஆக, அதைச் சொன்னவர்கள் சிரிப்பை விட்டுவிட்டார்கள். புதன்கிழமை சாயங்காலம் செயலாளர் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார். வியாபாரத்துக்கு இனி லாரித் தண்ணீர் கிடையாது என்பதுதான் தீர்மானம்.

"புக்குலயே இருக்கு. இவரைக் கேளுங்க" என்று என்னைக் காட்டினார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னாண்ணா, என் அடுப்பை அணைக்கச் சொல்லியா அந்த புக்குல போட்டுக்கீது?"

நான் அவசரமாகச் சொன்னேன்: "இல்லக்கா. அணைச்சா என்ன போகும்னும் பார்க்கணும்னுதான் போட்டிருக்கு. அதையும் யோசிக்கணும் சார்."

"எங்களுக்கு என்ன போகும்?" என்றார் செயலாளர்.

"எனக்கு வீடு போவும்" என்றார் அக்கா. "சோறு போச்சின்னா வாடகை போச்சு. காலி பண்ணிக்கினு போவ வேண்டியதுதான். அப்பால நீ நல்லா குளி சார்."

அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி ஹாரன். கிளீனர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப்பார்த்தார். செயலாளர் தலையசைக்காமல் தொட்டிக்குள் குழாயை விடமாட்டார்கள்.

"இன்னா சார், போடவா வாணாவா? பின்னால வண்டிங்க நிக்கிது, ஆட்டோக்காரன் கத்திக்கினு கீறான்."

"இருப்பா. இது முடியாம ஒரு சொட்டு இறங்காது." செயலாளர் எங்களைப் பார்த்தார். "சம்மதம்னா கை தூக்குங்க."

சில கைகள் பாதி உயர்ந்தன. இன்னும் இரண்டு உயர்ந்தால் அக்காவின் அடுப்பு அணைந்துவிடும். இரண்டாம் மாடியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற மாமி தொண்டையைச் செருமினார்.

"எங்காத்துல வாஷிங் மெஷின் காலம்பற ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம் ஓடறது. உங்க கார் தெனம் ஸ்நானம் பண்றது. அதெல்லாம் யாரோட குளியல்னு மொதல்ல சொல்லுங்கோ. அப்பறம் கையைத் தூக்கச் சொல்லலாம்."

"கார் வேற, மாமி."

"வேறதான். அது யாருக்கும் சோறு போடலையே."

யாரும் சிரிக்கவில்லை. பாதி உயர்ந்த கைகள், தலையைக் கோதுவதுபோல், கொசுவை விரட்டுவதுபோல் மெதுவாக இறங்கின. வெளியே டிரைவர் இன்ஜினை உறுமவிட்டார். இந்த லாரி போனால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"போடுப்பா" என்றார் செயலாளர் கடைசியில். அக்காவைப் பார்க்காமலேயே, "நாளைக்குச் சமைங்க" என்றார்.

"நாளைக்கு மட்டுமா?"

செயலாளர் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தொட்டிக்குள் தண்ணீர் இரைந்து விழ ஆரம்பித்தது. அக்கா நகரவில்லை.

"கேக்குறேன்ல சார்."

"சமைங்கம்மா. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் சாப்பாட்டுப் பைகள் வழக்கம்போல தேனாம்பேட்டைக்குக் கிளம்பின. ஞாயிற்றுக்கிழமை அவர் மாடிக்கு வரவில்லை.