ஸ்டெம் செல்லும் சாளைக் குழம்பும்

பக்கவாதம் வந்து என் பேச்சு போனபோது ஒரே ஒரு சொல் மட்டும் என்னிடம் மிஞ்சியது. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பள்ளி வாத்தியாராக இருந்து புவியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். உலகத்தில் உள்ள ஆறுகளின் பெயரையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அத்தனையும் போய் மிஞ்சியது ‘மயிரு’. என் தலையில் அது உதிர்ந்துபோய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

என் மனைவியோ கோயில் கொயரின், அதாவது பாடகர் குழுவின், தலைவி. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். அவள் வாயில் சனியன் என்ற சொல்கூட வந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஐயர்வாள், எங்கள் சபைப் போதகர், வந்து என் தலையில் கைவைத்து ஜெபித்து முடிக்கும்போது, எல்லோரும் ஆமென் சொல்ல, நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். நல்ல மனிதர், கண்ணைத் திறக்கமாட்டார்.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கியது. நான் சவரம் செய்துகொண்டே பாடிக்கொண்டிருந்தேன். அது அன்றைய ஆராதனைக்காக அவள் ஒரு மாதமாகக் கொயருக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு. அவள் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டே வந்து, “கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருங்களேன். உங்க பாட்டக் கேட்டா எனக்கே சுருதி மறந்துரும் போல” என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறைப் பெயர் உண்டு. முகத்தைத் துடைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “கோயிலுக்கு வாரீயளா?” என்று கேட்டாள். பேசவில்லை. “இட்லி வச்சிருக்கேன், சாப்பிடுதீயளா?” பேசவில்லை. மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு, கொயர் காத்திருக்குமே என்று ஏழேகாலுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் எனக்குப் பசித்தது. இட்லியைத் தொட்டால் மானம் போய்விடும். நான் பட்டினி கிடந்ததாக அவள் நினைத்து வருந்தவேண்டும் என்பதல்லவா திட்டம்? ஃபிரிட்ஜைத் திறந்தேன். முந்தின நாள் வைத்த சாளைக் குழம்பு இருந்தது. மீன் குழம்பு இரண்டாம் நாள்தான் மீன் குழம்பு. பழைய சோற்றில் விட்டுச் சட்டியை வழித்துத் தின்றேன். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். தட்டையும் சட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். எட்டு இட்லியும் ஹாட்பாக்ஸில் அப்படியே இருந்தன.

பேப்பர் படித்தேன். அரைத்தூக்கம் போட்டேன். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் நேரம் என்று மோட்டார் போட எழுந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்தரை. சுவிட்சைத் தட்ட வலது கையைத் தூக்கினேன், கை வரவில்லை. வேறு யாருடைய கையோ போல அது தொங்கியது. ‘இதென்னடா’ என்று நினைப்பதற்குள் தரையில் கிடந்தேன்.

ஆராதனை முடிந்து, அசனப் பண்டிகை என்கிற சபை விருந்துக்குத் திட்டம் போடும் கூட்டமும் முடிந்து, அவள் திரும்பிவந்தபோது பன்னிரண்டு மணி. ஒரு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். டாக்டர் நிதானமானவர். “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?” என்று அவளிடம் கேட்டார்.

“ஏழு மணிக்குப் பாடிக்கிட்டு இருந்தாங்க. ஏழேகாலுக்கு நான் மூணு தடவ கேட்டேன், பதிலே இல்ல. நான்தான் கோவம்னு நெனச்சு விட்டுட்டுப் போயிட்டேன்.”

டாக்டர் மணியைப் பார்த்தார். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும், ஏழு மணி என்றால் நேரம் கடந்துவிட்டது, இனிப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம் என்றார். படுத்திருந்த எனக்கு எல்லாம் புரிந்தது. பத்தரை, பத்தரை, ஏழு இல்லை பத்தரை என்று கத்தினேன்.

“மயிரு! மயிரு! மயிரு!”

டாக்டர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இப்படியாக, வாத்தியார் ஒருவர் ரோஷத்தால் தனக்கு வரவேண்டிய ஊசியைத் தானே தள்ளிவிட்டார்.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுத்தும் போய்விட்டது. பேனாவை இடது கையில் கொடுத்தால் கோழி கிளறியது போலக் கோடு வந்தது. தலையாட்டத் தெரியும், ஆனால் கேள்வி சரியாக இருந்தால்தானே? ‘நீங்கள் திருட்டுத்தனமாக மீன் குழம்பு தின்றீர்களா?’ என்று பக்கவாதக்காரனை யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒரே கதையைச் சொன்னாள். “மூணு தடவ கேட்டேன். அப்பவே வாய் போயிருக்கு. எனக்குத்தான் தெரியல. எட்டு இட்லியும் அப்படியே இருந்துச்சு.” எட்டு இட்லியும் அவளுக்கு எதிரான சாட்சிகள். வாய மூடுங்க என்று தான் சொன்ன சொல்தான் பலித்துவிட்டது என்று வேறு நம்பினாள். கொயருக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பாட்டு இல்லாத வீட்டில் நான் ஏழு மாதம் கிடந்தேன். எனக்கு அது கையும் காலும் போனதைவிட வலித்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்ல வாய் இல்லாதது ஆரம்பத்தில் கொஞ்சம் சௌகரியமாகவும் இருந்தது.

பாவத்துக்குப் பரிகாரமாக அவள் வைத்தியம் தேடினாள். ஒருவர் சொன்னார் என்று புறா ரத்தத்தைக் காலில் தடவினாள். எங்கிருந்தோ வந்த மூலிகை எண்ணெய் வீட்டையே நாறடித்தது. ஜெப எண்ணெய் தனி. கடைசியில் சாத்தான்குளத்திலிருந்து அவளுடைய அண்ணன், என் மச்சான், கைப்பேசியில் ஒரு வீடியோவோடு வந்து சேர்ந்தார்.

“ஏட்டி, இதப் பாரு. ஸ்டெம் செல்லு. படுத்த படுக்கையா கெடந்தவன் மூணு மாசத்துல பேசுதான், நடக்குதான். மாப்ளைக்கும் போட்டுருவோம்.”

வெளியூர்க் கிளினிக் ஒன்றின் ஆள் மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட சிரிப்பு. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்லைப் பிரித்து, உடம்பில் ஏற்றினால் அது நேரே மூளைக்குப் போய்ப் புது நரம்பாக முளைக்கும் என்று படம் காட்டினான். என் மூளை பின்பக்கத்தில்தான் இருக்கிறது என்று என் கணக்கு வாத்தியார் ஆறாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். விஞ்ஞானம் இப்போதுதான் அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் ஆசை எரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் பேசக் கிடைக்குமென்றால் இரண்டு இடுப்பையும் தோண்டிக்கொள்ளட்டும் என்றிருந்தது.

அவள் என்னைப் பழைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. “ஸ்டெம் செல் பொய் இல்லம்மா. ஆராய்ச்சி நடக்கு. ஆனா அது போய்ப் புது மூளையா முளைக்கும்னு நெனைக்காதீங்க. அடிபட்ட இடத்தச் சுத்தி மிச்சம் இருக்கதுக்கு உரம் போட்ட மாதிரி, வீக்கத்தக் குறைச்சு, உதவி செய்யலாம்னு பாக்காங்க. சிலதுல கொஞ்சம் பலன் தெரியுது, சிலதுல மருந்தே இல்லாம சும்மா ஊசி போட்டவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. முறையான ஆராய்ச்சியில சேரக் கூப்பிட்டா நானே அனுப்புதேன். ஆனா குணமாக்குதேன்னு சொல்லி விக்கிறவங்ககிட்ட போகாதீங்க. அதுக்கு இன்னும் அனுமதி கெடையாது.” பிறகு ஒரு பேச்சுப் பயிற்சியாளரின் பெயரை எழுதிக்கொடுத்தார்.

பயிற்சியாளர் உவரிப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். என் ஒரே சொல்லைக் கேட்டு முகம் சுளிக்காத முதல் ஆள். “எங்க ஊர்க் கடக்கரையில இது வணக்கம் மாதிரி சார்” என்றாள். பேச்சு போனாலும் பாட்டு மூளையின் அடுத்த பக்கத்தில் தப்பிப் பிழைத்திருக்கும், சொல்லை ராகத்தில் ஏற்றினால் வெளியே வரலாம் என்று விளக்கினாள். “உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு இழுங்க சார்.”

“இவங்களா? பாட்டா?” என்றாள் என் மனைவி. ஏழு மாதத்தில் அவள் குரலில் முதன்முதலாகப் பழைய ஆளைக் கேட்டேன்.

மூன்று வாரம். வலது கை லேசாக அசையத் தொடங்கியிருந்ததே தவிரத் தாளத்துக்கு உதவாது; இடது கையால் தொடையில் தாளம் தட்டி, த-ண்-ணி வே-ணும் என்று இழுத்துப் பழகினேன். நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு சொல் வந்தது. இதையெல்லாம் விளையாட்டு என்று நினைத்து, அவள் கிளினிக்குக்குத் தேதி வாங்கிவிட்டாள். டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறியிருந்தது. ஆனால் குற்ற உணர்ச்சிக்குக் காது கிடையாது.

கையெழுத்து வாங்கக் கிளினிக் ஆள் மறுபடியும் வந்தான். மச்சானும் வந்திருந்தார். ஊசியால் ஒன்றும் ஆகாவிட்டால் கிளினிக்குக்குப் பொறுப்பில்லை என்பதைப் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். “சார், உங்களுக்குச் சம்மதம்தானே?” என்று என்னைக் கேட்டான்.

“மயிரு” என்றேன்.

அவன் சிரிப்பு மடிப்புக் கலைந்தது. “சம்மதம்ங்காங்க” என்று மச்சான் மொழிபெயர்த்தார்.

என் மனைவி பேனாவை எடுத்தாள். “அண்ணே, இது பலிக்காதுன்னு எனக்கும் தோணுது. ஆனா நான் அன்னைக்கு விட்டுட்டுப் போனதுக்கு இதையாவது செய்யாட்டா எனக்கு ஒறக்கம் வராது” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் என்னைக் குணமாக்க வரவில்லை. நான் செய்த தப்புக்குத் தண்டனை அனுபவிக்க வந்திருக்கிறாள். வெட்கத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது.

தொடையில் தட்டினேன். அவள் நிறுத்தச் சொன்ன அதே பாட்டின் ராகத்தை எடுத்தேன்.

“ரோ-ஷம்…”

பேனா நின்றது.

“நா-ன் நல்-லா… நல்-லா… ரோ-ஷம்… மீ-ன்…”

“மீன் வேணுமாம்” என்றார் மச்சான்.

தலையை ஆட்டி மறுத்தேன். வியர்த்து ஊற்றியது. “இட்-லி இல்-ல… மீ-ன் தின்-னேன்… தட்-டு… கழு-வி…” சுவர்க் கடிகாரத்தைக் கையால் காட்டினேன். “பத்-தர… பத்-தர…”

அவள் என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். கொயரில் தப்புப் பாடுகிறவரைப் பார்க்கும் பார்வை.

“நான் கோயிலுக்குப் போகும்போது நல்லாத்தான் இருந்தீயளா?”

தலையாட்டினேன்.

“கோவத்துலதான் பேசலையா?”

தலையாட்டினேன்.

“பத்தர மணிக்குத்தான் விழுந்தீயளா?”

தலையாட்டினேன்.

“அப்போ அந்தச் சாளைக் குழம்பு…” அவள் குரல் ஏறியது. “பூனைன்னுல்லா நெனச்சேன்! பக்கத்து வீட்டுப் பூனைய ஏழு மாசமா வெரட்டிக்கிட்டு இருக்கேன்! பூனை ஃபிரிட்ஜத் தொறந்து தின்னு சட்டியக் கழுவி வைக்குமான்னு ஒரு நிமிஷம் யோசிக்கலையே நான்!”

அந்த ஆள் மடிக்கணினியை மூடினான். அவள் திரும்பிப் பார்க்காமலே, “தம்பி, நீங்க கெளம்புங்க” என்றாள். தாளை நான்காகக் கிழித்தாள். அழுதாள், நன்றாகச் சத்தமாக, ஏழு மாதத்தையும் சேர்த்து. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என்னைக் குனிந்து பார்த்து, கொயர் தலைவியின் தெளிவான உச்சரிப்பில், தன் வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னாள்.

“மயிரு.”

மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன்பின் இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. நோயாளியிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்ளும் அளவுக்கு நான் மறுபடியும் மனிதனாகியிருந்தேன். அந்த இரண்டு நாளும் எனக்குப் பெருமையாகவே இருந்தது. அடுக்களையில் அவள் ஏதோ பாட்டை முனகுவதும் கேட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் என் முன்னால் தட்டை வைத்தாள். சோறு, சாளைக் குழம்பு.

“தின்னுட்டுக் கழுவி வைங்க. அதான் தெரியும்லா” என்றாள். “வலது கையால.”

தின்றேன். தட்டை வலது கையால் கழுவி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் பக்கத்தில் நின்று, உதவாமல், பார்த்துக்கொண்டே இருந்தாள்.