திங்கட்கிழமைக் கையெழுத்து

மகளின் பள்ளியில் இன்று ஈரச் சாக்பீஸ் வாசனை மூக்கில் ஏறியதும், மரக்காணம் உப்பளத்தை ஒட்டி இருந்து இப்போது தரைமட்டமாகிவிட்ட எங்கள் தொடக்கப்பள்ளியும், உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டே இருந்த அதன் சுவரும், ஐந்து வகுப்பும் ஒரே அறையில் வாய்ப்பாடு கத்த நடுவில் தொண்டை கட்டி நின்ற மேரி டீச்சரும் நினைவுக்கு வந்தார்கள்.

பதிவேட்டில் இரண்டு ஆசிரியர்கள். இன்னொருவரான தலைமையாசிரியர் திங்கள்தோறும் வந்து, வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறிவிடுவார். எழுத்துக்கூட்டத் திணறிய என் தங்கை செல்வியை டீச்சர் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து, "இதுக்கெல்லாம் படிப்பு ஏறாது, உப்பு வார அனுப்புங்க" என்றார் ஒருநாள். செல்வி அதன்பிறகு பள்ளிக்கு வரவில்லை.

நான் காத்திருந்தேன். 2005இல் ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்து, தலைமையாசிரியரைக் காட்டி என்னிடம், "உங்க ஹெச்.எம். தினமும் வர்றாராம்மா?" என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பிலிருந்த நான் எழுந்து, "இவரு யாருங்க சார்?" என்றேன்.

அதனால் மாற்றலாகித் தலைமையாசிரியர் பெட்டியோடு கிளம்பிய அன்று, செல்வியை உப்பளத்திலிருந்து இழுத்துவந்து பள்ளி வாசலில் நிறுத்தினேன்.

"இவர நல்லாப் பாத்துக்கோடி" என்றேன், அவர் காதில் விழும்படி.