கணக்குப் பாடத்தில் இல்லாத நாலு பேர்

போன வாரம் ஒரு தம்பி இங்கே பின்னூட்டம் போட்டிருந்தார். கல்வித்தரம் பற்றிய ஆய்வுக்காகக் கொங்குப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளுக்குப் போகப்போகிறாராம். எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். பதிலை நாலு வரியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. பழைய கோபம் கிளம்பிவிட்டது. அதனால் நான் போன கதையையே எழுதிவிடுகிறேன், அதில் அவருக்கு வேண்டியதும் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம். எம்.ஏ. முடித்துவிட்டுச் சிங்காநல்லூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வளரும் நாடுகளில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், வாத்தியார்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று வெளிநாட்டுப் பணத்தில் ஒரு ஆய்வு நடந்தது. அதற்குக் களத்தில் வேலை செய்ய ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தேன். வேலை எளிதுதான். வகுப்பின் பின்மூலையில் உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாத்தியார் என்ன செய்கிறார், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. பயிற்சி கொடுத்த மேடம் இந்தக் கடைசி விதியை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். என் வாயைப் பற்றி அவருக்கு அதற்குள் தெரிந்துபோயிருந்தது!

ஞாயிறு மாலை நாலு மணிக்குச் சிங்காநல்லூரில் கரூர் பஸ் ஏறினேன். காங்கயம் வரை ஒன்பதரை ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து பெருந்துறை போகிற பஸ்ஸில் ஏறிச் சென்னிமலையில் இறங்கிக்கொள்ளலாம், இரண்டே கால் ரூபாய். மலையடிவாரத்தில் பக்தர்கள் தங்கும் சத்திரத்தில் ஒரு அறை, நாளுக்கு நாற்பது ரூபாய். தறிச் சத்தம் விடியும்வரை கேட்கும், தூக்கம் வராதவர்கள் பஞ்சு எடுத்துப் போங்கள். காலையில் எட்டு மணி டவுன் பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர், அப்புறம் ஒன்றரை கிலோமீட்டர் நடை. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு ஊரில்தான் இப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள்.

டவுன் பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே ஆரம்பித்தார்.

"ஏனுங்க அம்மணி, யாரூட்டுக்குப் போறீங்க?"

"யாரூட்டுக்கும் இல்லீங்க. பள்ளிக்கூடத்தப் பாக்கப் போறேன்."

"பள்ளிக்கூடத்துல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஓட்டுக் கட்டடம், இரண்டு வாத்தியார்கள், ஐந்து வகுப்பு. ஒருவர் தலைமையாசிரியர், ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நாலாவதையும் ஐந்தாவதையும் ஒரே அறையில் வைத்து அவரே நடத்தினார். என்னைக் கண்டதும் நாற்காலி, மோர், விசிறி. "வாங்க அம்மணி, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கறீங்க" என்று அப்படி ஒரு மரியாதை. ஒன்றேகால் மணி நேரம் வெயிலிலும் பஸ்ஸிலும் வந்தவளுக்கு மனசு குளிர்ந்துபோனது, பொய் சொல்ல மாட்டேன்.

முதல் பீரியடு கணக்கு. மனுஷன் அருமையாக நடத்தினார். தோள் துண்டை எடுத்து விரித்துப் பிடித்தார். ஒரு மடி மடித்து "இது எத்தன?" என்றார். "பாதிங்க சார்!" இன்னொரு மடி. "கால்ங்க சார்!" மூன்றாவது மடியில் பிள்ளைகள் திணற, அவரே பிரித்துக் காட்டி எட்டுப் பங்கையும் எண்ண வைத்தார். பின்னத்தை இவ்வளவு அழகாக எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. என் கட்டங்களில் எல்லாம் நல்ல குறிகளே விழுந்தன.

நான் உட்கார்ந்திருந்த பின்சுவரோரம் நாலு மஞ்சள் பைகள் வரிசையாக இருந்தன. பைக்காரர்கள் இல்லை. காலைக் கூட்டத்தில் அந்த நாலு பேரும் நின்றதைப் பார்த்திருந்தேன், வருகைப் பதிவிலும் 'உள்ளேன் ஐயா' சொன்னார்கள். முதல் பீரியடு முடிந்து தமிழ்ப் பாடம் தொடங்கும்போது உள்ளே வந்தார்கள். மூன்று பெண்கள், ஒரு பையன். பாவாடைக் கரை நனைந்திருந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது.

அன்றைக்கு அவர்கள் முறை போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் பள்ளியில்கூட முறை வைத்துத்தான் கூட்டினோம். செவ்வாய்க்கிழமையும் அதே நாலு பை, அதே நாலு பேர். புதன்கிழமையும். நாலு பேரும் காலனிப் பிள்ளைகள். அந்த அறையில் காலனியிலிருந்து வந்தவர்களே அந்த நாலு பேர்தான்.

புதன் மதியம் ஐந்தாவது பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சோதித்தேன். நாலு பேரில் மூத்தவள் மகேசு. ஐந்தாவதில் ஏற்கனவே ஒருமுறை பெயிலாகி உட்கார்ந்திருப்பவள். தமிழ்ப் பாடத்தைக் கொடுத்ததும் தடதடவென்று படித்தாள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. எட்டில் ஒரு பங்கு பெரிதா, நாலில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டேன். "எட்டுதானுங்க பெருசு" என்றாள், நான் முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டதுபோல் பார்த்துக்கொண்டு.

தலைமையாசிரியர் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டார். "அதுகளுக்குத் தமிழு வரும்ங்க. கணக்கு மட்டும் ஏறாதுங்க அம்மணி. நானும் எத்தன வருசமா பாக்கறேன்."

எனக்கு வந்ததே ஒரு கோபம். வாயைத் திறக்கக் கூடாது என்ற விதி அந்த இடத்திலேயே காற்றில் போயிற்று.

"கணக்கு நடத்தறப்ப அவங்க எங்க சார் இருக்காங்க?"

"வேல இருக்குதுங்களே. கக்கூஸ் கழுவோணும், அதுக்குத் தண்ணி கொண்டாரோணும், சுத்தியும் கூட்டோணும். ஆள் போடறதுக்குக் கவருமெண்டு காசு குடுக்கறதில்லீங்க."

"ஏன் தினமும் அதே நாலு பேரு?"

"அதுகளுக்குப் பழக்கம்ங்க. குடிக்கற பானைக்குத் தோட்டங்காடு வெச்சிருக்கறவங்க பசங்க தண்ணி கொண்டாந்துருவாங்க. அத இவங்க தொடறதில்லீங்க."

கவனியுங்கள், மனுஷன் எதையும் மறைக்கவில்லை. மோர் கொடுத்த அதே குரலில்தான் சொன்னார். நாலு பிள்ளைகளைக் கணக்குப் பாடத்திலிருந்து தினமும் வெளியே அனுப்பிவிட்டு, அவர்களுக்குக் கணக்கு ஏறாது என்று பரிதாபப்படுகிறார். வேணுமென்றே செய்யும் அயோக்கியனாக இருந்தால் திட்டித் தொலைக்கலாம். இந்த மாதிரி ஆளை என்ன செய்வது?

சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் வேகமாக வந்தார். களையெடுத்த மண் கையில் அப்படியே இருந்தது. மகேசுவின் அம்மா மாராள்.

"ஏனுங்க டீச்சரம்மா, எம்புள்ள இந்த வாட்டி பாசாகுமுங்களா?"

நான் டீச்சர் இல்லை என்றேன். அது அவர் காதில் விழவில்லை.

"இந்த வாட்டியும் பெயிலாச்சுன்னா அவங்கப்பன் திருப்பூருக்கு அனுப்பிப்போடுவேங்கறாருங்க. பனியன் கம்பெனியில டெய்லருக்குத் துணி மடிச்சுக் குடுக்கற கைமடி வேலைக்குங்க. எங்கக்கா புள்ள ரெண்டு பேரும் அங்கதானுங்க. ஒருக்கா போனா திரும்பிப் பள்ளிக்கூடம் வராதுங்க."

உங்கள் மகள் கணக்குப் பாடத்தில் உட்காருவதே இல்லை, தெரியுமா என்று கேட்டேன். மாராளுக்குத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்கே களையெடுக்கக் காட்டுக்குப் போய்விடுகிறவர். பிள்ளை கூட்டுகிறது, கழுவுகிறது என்று தெரியும், அதெல்லாம் முடித்த பிறகுதான் பள்ளிக்கூடமே ஆரம்பிக்கும் என்று நினைத்திருக்கிறார். கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தார். பிறகு, "அப்ப எம்புள்ள மக்கு இல்லீங்களா?" என்றார்.

"இல்லவே இல்லீங்க" என்றேன். அந்த வாரத்தில் நான் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

சென்னிமலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேடத்துக்கு போன் போட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டு, "நீ அங்கே ஒரு அளவுகோல். அளவுகோல் பேசாது" என்றார். பதினெட்டு ரூபாய் அழுது இந்த வசனத்தைக் கேட்டேன். இரவெல்லாம் தறிச் சத்தத்தோடு சேர்த்து அவரையும் திட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலைக் கூட்டம் முடிந்து நாலு பேரும் பின்பக்கம் திரும்பும்போது வாசலில் மாராள் நின்றார். கையில் சொந்த விளக்குமாறு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"சாமி, இந்த வேலய நான் செஞ்சுபோடறேனுங்க. பரீச்ச வரைக்கும் தெனமும் வாரேனுங்க. நாலு புள்ளைகளையும் உள்ள உடுங்க."

தலைமையாசிரியர் என்னை ஒருமுறை பார்த்தார், மாராளை ஒருமுறை பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று. "அதுக்கென்ன மாராள், தாராளமாச் செய்யி. பவுடரு மூலையில இருக்குது பாரு."

அவ்வளவுதான்! ஒரு கூச்சம் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. என் செருப்புக்குக்கூட மரியாதை கொடுக்கிற வாயில் அந்த அம்மாவுக்கு ஒரு 'வாங்க' இல்லை. அவருக்கு இது ஒரு சிக்கல் தீர்ந்த கணக்கு.

மகேசு உள்ளே வந்து தன் பையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வாளி இழுபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலை திரும்பியது. என் தாளில் 'கவனிக்கிறாள்', 'கவனிக்கவில்லை' என்று இரண்டே கட்டம். அம்மா கக்கூஸ் கழுவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு எந்தக் கட்டம், சொல்லுங்கள்? நான் எதையும் குறிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் துண்டு வந்தது. எட்டில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று அவர் கேட்க, மகேசு எழுந்து போய்த் துண்டை வாங்கித் தானே மடித்தாள்.

"நாலுல ஒண்ணுதானுங்க சார் பெருசு. மடிக்க மடிக்கச் சிறுசாயிட்டே போகுது."

இரண்டே நாள். தலைமையாசிரியர் பூரித்துப்போய் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா அம்மணி, சொல்லிக் குடுத்தாப் புரிஞ்சுக்கறா!" அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் கத்தினேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார் என்பதுதான் கொடுமை.

எல்லாவற்றையும் எழுதி மேடத்திடம் கொடுத்தேன். அச்சாகி வந்த அறிக்கையில் 'ஆசிரியர் உள்ளூர்ப் பொருட்களைக் கொண்டு சிறப்பாகக் கற்பிக்கிறார்' என்று துண்டு இருந்தது. மாராள் இல்லை. நாலு பை இல்லை. கல்வி அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டேன், அதற்குப் பதிலே வரவில்லை.

ஜூன் கடைசியில் என் சொந்தக் காசில் மறுபடி போனேன். மகேசு பாஸ், சென்னிமலையில் ஆறாவது சேர்ந்துவிட்டாள். நான் பஸ் இறங்கியபோது எதிரே சென்னிமலைக்குப் போகிற பஸ்ஸில் பார்த்தேன், புதுச் சீருடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் துண்டு மடிப்பதுபோல் கையை மடித்துக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தோடு பள்ளிக்குள் நுழைந்தேன். முதல் பீரியடு நடந்துகொண்டிருந்தது. பின்சுவரோரம் மறுபடியும் நாலு மஞ்சள் பைகள்.

"மாராள் இப்ப வர்றதில்லீங்க. அவ புள்ளதான் போயிருச்சே" என்றார் தலைமையாசிரியர், மோரை நீட்டிக்கொண்டு.

மோரை வாங்கவில்லை. பின்பக்கம் போனேன். நாலாவதுக்குப் புதிதாக வந்த ஒரு சிறுமி, தன் இடுப்பு உயரத்துக்கு இருந்த வாளியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள கணக்குப் பாடம் நடக்குது. போகலையா கண்ணு?"

"எங்களுக்குக் கணக்கு வராதுங்க" என்றாள். மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே.

வாளியைப் பிடுங்கினேன். நாலு பேரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழுவ ஆரம்பித்தேன். தலைமையாசிரியர் வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அய்யய்யோ அம்மணி, உடுங்க, உடுங்க! நீங்க போய் இதச் செய்யலாமுங்களா?"

"அப்ப யாரு சார் செய்யலாம்?"

ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கழுவி முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார். அன்றைக்கு நாலு பிள்ளைகளும் முதல் பீரியடில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு மட்டும்தான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஈரப் புடவையோடு பத்தே முக்கால் பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அதனால் தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்போது வழியெல்லாம் நிறைய பஸ் இருக்கிறது, கட்டணத்தை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், குடை, மாத்திரை எடுத்துப்போங்கள். முதல் மணி அடிக்கும் முன்பே பள்ளிக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் போனால் எல்லாப் பிள்ளைகளும் உள்ளேதான் இருப்பார்கள். பின்சுவரைப் பாருங்கள். பை இருந்து பிள்ளை இல்லையென்றால், உங்கள் தாளை அங்கேயே வைத்துவிட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் போங்கள்.

மறக்காமல் மாற்றுத் துணி ஒன்று எடுத்துப்போங்கள். நான் எடுத்துப்போகவில்லை.